இன்டர்வியூவில் எந்த இடத்தில் சறுக்குகிறீர்கள்? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

"எத்தனையோ கம்பெனி ஏறி இறங்கியாச்சு, எதுவும் அமையலை" என்று சொல்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, "எந்த ரவுண்டில் போச்சு?" என்பதுதான். பலருக்கு அதற்குச் சட்டென்று பதில் சொல்லத் தெரிவதில்லை. அழைப்பே வராதவரும், மூன்று ரவுண்டு தாண்டி எச்.ஆரில் விழுந்தவரும் ஒரே அறிவுரையைத்தான் கேட்டுக்கொண்டு போகிறார்கள்: தன்னம்பிக்கையோடு இரு, ஆங்கிலத்தை வளர்த்துக்கொள், டை கட்டிக்கொண்டு போ. காய்ச்சலுக்கும் கால் சுளுக்குக்கும் ஒரே மாத்திரை கொடுக்கிற கதைதான்.

அதனால் வேறு எதையும் தொடும் முன், கடைசியாக விண்ணப்பித்த பத்துப் பதினைந்து இடங்களை ஒரு காகிதத்தில் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே எதுவரை போனது என்று குறியுங்கள்: அழைப்பே இல்லை, எழுத்துத் தேர்வு, டெக்னிக்கல், எச்.ஆர்., எல்லாம் முடிந்தும் பதில் இல்லை. எங்கே அதிகமாகச் சேர்கிறதோ, கீழே அந்தப் பகுதியை மட்டும் படித்தால் போதும். சென்னை, கோவை வட்டாரத்து ஐ.டி. வேலைகளையும், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலை வேலைகளையும் மனதில் வைத்து எழுதுகிறேன். டெக்னிக்கல் பேனலில், மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவை பெரும்பாலானவை.

விண்ணப்பம் போட்டபடியே இருக்கிறேன், ஒரு போன்கூட வரவில்லை

இது இன்டர்வியூ பிரச்சினையே இல்லை. உங்களை இன்னும் எந்த மனிதரும் பார்க்கவில்லை. ரெஸ்யூமை முதலில் படிப்பது பெரும்பாலும் ஒரு மென்பொருள்தான்.

சோதிப்பது எளிது. ரெஸ்யூம் பிடிஎஃபைத் திறந்து, மொத்தத்தையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். பெயர் மேலே வந்து, படிப்பு, ப்ராஜெக்ட், திறன்கள் வரிசையாக வந்தால் சரி. இடது பத்தியும் வலது பத்தியும் குழம்பி, "ஜாவா 2023 மதுரை ஹிந்தி" என்று வந்தால் மென்பொருளும் உங்களை அப்படித்தான் படிக்கிறது. கேன்வா போன்ற டிசைன் தளத்தில் எடுத்த அழகான இரண்டு பத்தி டெம்ப்ளேட்டுகள் இங்கேதான் மாட்டும். எதுவுமே ஒட்டவில்லை என்றால் அது படமாகச் சேமித்த பிடிஎஃப். அதற்கு வெற்றுத்தாள் அனுப்பியிருக்கலாம். ஒரே பத்தி, அட்டவணை கிடையாது, சின்னப் படங்கள் கிடையாது, ஃப்ரெஷர் என்றால் ஒரே பக்கம். அப்பா பெயர், மதம், பாஸ்போர்ட் எண், கடைசியில் "மேற்கண்ட விவரங்கள் உண்மை" என்ற உறுதிமொழி, எதுவும் வேண்டாம். அந்த இடத்தில் ப்ராஜெக்ட் பற்றி இரண்டு வரி சேரும்.

வடிவம் சரியாக இருந்தும் அழைப்பு வரவில்லையா? அப்புறம் வடிகட்டியைப் பாருங்கள். பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம் கேட்கும் இடங்கள் உண்டு. கல்லூரி வட்டாரத்தில் "60 த்ரூஅவுட்" என்பார்கள். நிலுவையில் அரியர் இருக்கக் கூடாது என்பதும் கூடவே வரும். இதில் நிற்காத ரெஸ்யூமை எத்தனை முறை மெருகேற்றினாலும் அந்த வாசல் திறக்காது. அந்த நேரத்தை மதிப்பெண் பார்க்காத இடங்களில் செலவழிக்கலாம்: சிறிய ப்ராடக்ட் கம்பெனிகள், ஸ்டார்ட்அப்கள், நேரடியாகக் கோடிங் தேர்வு வைத்து எடுப்பவர்கள். ஸோஹோ தன் பள்ளிகள் வழியாகப் பன்னிரண்டாவதும் டிப்ளமோவும் முடித்தவர்களையே பயிற்சி கொடுத்து எடுக்கிறது. மதிப்பெண்தான் எல்லாம் என்று இல்லை. ஆனால் எந்த வாசலில் அதைக் கேட்கிறார்கள், எதில் கேட்பதில்லை என்று தெரிந்து போக வேண்டும்.

நௌக்ரி வேலைவாய்ப்புத் தளத்தில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். ஆள் எடுப்பவர்கள் தேடும்போது சமீபத்தில் இயங்கிய கணக்குகளை மட்டும் வடிகட்டிப் பார்க்க முடியும். மூன்று மாதமாகத் திறக்காத கணக்கு அடியில் கிடக்கும். வாரம் ஒருமுறை உள்ளே போய் ஒரு வரியாவது மாற்றுங்கள். "சாஃப்ட்வேர் இன்ஜினியர்" என்று பொதுவாகப் போடாமல், விளம்பரத்தில் அவர்கள் எழுதியிருக்கும் அதே சொற்களில் உங்களுக்கு உண்மையிலேயே தெரிந்ததை எழுதுங்கள்.

இன்னொன்று, கேட்டால் சிரிப்பு வரும். எச்.ஆர். கூப்பிடுவது தெரியாத எண்ணிலிருந்துதான். ட்ரூகாலரில் தெரியாத எண்களைத் தானாகத் துண்டிக்கும்படி வைத்துவிட்டு, அழைப்பு வரவில்லை என்று வருந்துபவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள். மெயிலில் ஸ்பேம் பெட்டியையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

எழுத்துத் தேர்வையே தாண்ட முடியவில்லை

இங்கே காரணம் பெரும்பாலும் கணக்கு தெரியாதது அல்ல, நேரம். ஒவ்வொரு பிரிவுக்கும் தனிக் கட்-ஆஃப் இருக்கும் தேர்வுகளில், ஆப்டிட்யூடில் (கணக்குப் பகுதி) முழு மதிப்பெண் வாங்கி வெர்பலில் (ஆங்கிலப் பகுதி) கோட்டை விட்டாலும் வெளியேதான். போன தேர்வுகளில் எந்தப் பிரிவு கடைசியில் அரைகுறையாக நின்றது என்று யோசித்து, அதை மட்டும் கடிகாரம் வைத்துப் பழகுங்கள். தப்பான விடைக்கு மதிப்பெண் குறைப்பார்களா என்பதை விதிமுறைப் பக்கத்தில் படித்துவிட்டு உட்காருங்கள். குறைக்காவிட்டால் ஒரு கேள்வியையும் காலியாக விடக் கூடாது. வீட்டிலிருந்து எழுதும் தேர்வில் வேறு சாளரத்துக்குப் போனால் பதிவாகும். வாட்ஸ்அப் அறிவிப்பு மேலே எட்டிப் பார்த்தால்கூடச் சிக்கல் வரலாம், எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்.

குரூப் டிஸ்கஷனில் விழுபவர்களுக்கு இரண்டே வரி. முதலில் பேசுபவருக்குத் தனி மதிப்பெண் ஏதும் இல்லை. பேசாமல் இருக்கும் ஒருவரைப் பார்த்து "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்பவர் கண்ணில் படுவார்.

"டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்" என்றதும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது

ஒட்டாவிட்டால் வேறொரு பிரச்சினை: மனப்பாடம் செய்தது அப்படியே கொட்டுகிறது. "மைசெல்ஃப் இன்னார், ஐ ஆம் ஃப்ரம் தேனி, மை ஃபாதர் இஸ் எ ஃபார்மர், மை ஹாபி இஸ் லிசனிங் மியூசிக், மை ஸ்ட்ரென்த் இஸ் ஹார்டு வொர்க்." ஒரே கல்லூரியிலிருந்து வரும் இருபது பேரும் இதையே ஒப்பித்தால் பேனலில் இருப்பவர் தலையைக்கூட நிமிர்த்த மாட்டார்.

அவர் ஏன் இதைக் கேட்கிறார்? பாதி நேரம், உங்கள் ரெஸ்யூமை அப்போதுதான் திறக்கிறார். அடுத்த கேள்வியை எங்கே தொடங்கலாம் என்று தேடிக்கொண்டிருக்கிறார். அதாவது அடுத்த பத்து நிமிடம் எதைப் பற்றிப் பேச வேண்டும் என்று நீங்களே தீர்மானிக்கக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு இது. பொழுதுபோக்கில் போய் அதை வீணாக்கலாமா?

ஒரு நிமிடத்துக்குள் மூன்று விஷயம் போதும். இப்போது என்னவாக இருக்கிறேன். இந்த வேலைக்குத் தொடர்பாக நான் செய்த ஒரு காரியம், அதில் நடந்தது. இந்த இடத்துக்கு ஏன் வந்தேன். உதாரணமாக ஒருவர் சொல்வது இப்படி இருக்கலாம்: "இந்த வருடம் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தேன். எங்கள் ஊர் மளிகைக் கடைக்குக் கடன் கணக்கு எழுத ஒரு சின்ன அப்ளிகேஷன் செய்துகொடுத்தேன். கடைக்காரர் இப்போது நோட்டுப் புத்தகத்தோடு அதையும் பயன்படுத்துகிறார். அதில் டேட்டாபேஸ் பகுதிதான் எனக்குப் பிடித்தது, அதனால்தான் இந்த வேலைக்கு விண்ணப்பித்தேன்." எளிய ஆங்கிலத்தில் இதைச் சொல்ல ஐந்தாறு வாக்கியம்தான் ஆகும். கேட்பவர் அடுத்து என்ன கேட்பார்? "நோட்டுப் புத்தகத்தை ஏன் இன்னும் விடவில்லை?" என்பார். அது உங்களுக்குப் பதில் தெரிந்த கேள்வி.

எழுதி மனப்பாடம் செய்யாதீர்கள். மூன்று விஷயங்களை மட்டும் மனதில் வைத்து, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேறு மாதிரி சொல்லிப் பழகுங்கள். போனில் பதிவு செய்து கேட்பது கூச்சமாகத்தான் இருக்கும், ஆனாலும் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

விடை தமிழில் தெரிகிறது, ஆங்கிலத்தில் வாய் வரவில்லை

தமிழ் வழியில் படித்தவர்கள் எல்லாப் பழியையும் இதன் மேலேயே போடுகிறார்கள். பேனலில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இலக்கணப் பிழைக்காக டெக்னிக்கல் ரவுண்டில் ஒருவரை நிராகரித்ததாக எனக்கு நினைவில்லை. நிராகரிக்க வைப்பது, கேள்வி புரியாமலே ஏதோ ஒரு பதில் சொல்வது.

அதற்குச் சில கைப்பிடி வாக்கியங்கள் தயாராக இருக்க வேண்டும். "குட் யூ ப்ளீஸ் ரிப்பீட் த கொஸ்டின்?" என்று தயங்காமல் கேளுங்கள். "யூ ஆர் ஆஸ்கிங் அபௌட் இது, ரைட்?" என்று புரிந்ததைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்யுங்கள். "கிவ் மீ எ மினிட் டு திங்க்" என்று சொல்லிவிட்டு யோசிப்பதில் எந்தக் குறையும் இல்லை. சொல் கிடைக்காவிட்டால் காகிதம் கேட்டு வாங்கி வரைந்து காட்டுங்கள். சென்னை, கோவையில் பேனலில் இருப்பவருக்கும் தமிழ் தெரிந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஒரு வாக்கியம் தமிழில் சொல்லலாமா என்று கேட்டுப் பார்க்கலாம், வேலை வாடிக்கையாளரோடு நேராகப் பேசும் வேலையாக இல்லாதவரை. போனில் வாடிக்கையாளரிடம் பேசும் வாய்ஸ் ப்ராசஸ், சப்போர்ட் வேலைகளுக்கு இது பொருந்தாது. அங்கே ஆங்கிலம்தான் வேலையே. அதற்குப் பேச்சுப் பயிற்சி தவிரக் குறுக்கு வழி கிடையாது.

டெக்னிக்கலில் தெரிந்த கேள்விக்கே பதில் சொல்ல முடியவில்லை

இதில் குறைந்தது மூன்று வேறு நோய்கள் இருக்கின்றன.

முதலாவது, வரையறை தெரியும், பயன் தெரியாது. டேட்டாபேஸில் இரண்டு பட்டியல்களை இணைக்கும் லெஃப்ட் ஜாயின் என்றால் என்ன என்று கேட்டால் பலரும் புத்தக வரியைச் சொல்லிவிடுவார்கள். "மாணவர் பட்டியலில் 60 பேர், கட்டணப் பட்டியலில் 45 பேர், ஆளுக்கு ஒரு வரி. இன்னர் ஜாயினில் எத்தனை வரி வரும், லெஃப்ட் ஜாயினில் எத்தனை?" என்று கேட்டால் நின்றுவிடுவார்கள். முதலில் 45, இரண்டாவதில் 60. அதில் 15 வரிகளில் கட்டணம் இருக்கும் இடம் நல் (NULL, அதாவது காலி) என்று வரும், அந்த 15 பேர்தான் பணம் கட்டாதவர்கள். நீங்கள் படித்த ஒவ்வொரு வரையறைக்கும் இப்படி ஒரு குட்டிக் கணக்கு போட்டுப் பாருங்கள். மெக்கானிக்கல்காரர்களுக்கும் இதேதான். ஒரகடத்தில் தர ஆய்வு வேலைக்குப் போனால் வெர்னியர் லீஸ்ட் கவுன்ட் (அந்த அளவுகோலால் அளக்க முடிகிற மிகச் சிறிய அளவு) கேட்காமல் விடமாட்டார்கள். "0.02 மில்லிமீட்டர்" என்பது பாதிப் பதில். வெர்னியரின் 50 கோடுகள் மெயின் ஸ்கேலின் 49 மில்லிமீட்டருக்குச் சமம், ஆகவே 1 கழித்தல் 49/50 என்று சொல்பவருக்குத்தான் அடுத்த கேள்வி மரியாதையாக வரும்.

இரண்டாவது, கோடு (ப்ரோகிராம்) எழுதுகிறார்கள், வாயே திறப்பதில்லை. ஒரு வரிசையில் இரண்டாவது பெரிய எண்ணைக் கண்டுபிடிக்கச் சொன்னால் குனிந்து எழுத ஆரம்பித்துவிடுகிறார்கள். எழுதும் முன் கேட்க வேண்டியவை இருக்கின்றன: ஒரே எண் இரண்டு முறை வரலாமா? ஒரே ஒரு எண் மட்டும் இருந்தால் என்ன செய்வது? இதைக் கேட்டாலே பாதி மதிப்பெண் கிடைத்துவிடும். பிறகு என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்லிக்கொண்டே எழுதுங்கள். தப்பான திசையில் போனால் பேனலில் இருப்பவரே பெரும்பாலும் ஒரு குறிப்பு கொடுப்பார். வாயை மூடிக்கொண்டிருப்பவருக்கு எதை வைத்துக் குறிப்பு கொடுப்பது?

மூன்றாவதுதான் நம் ஊருக்கே உரியது, அதிகம் பேரைக் கவிழ்ப்பதும் இதுதான்: ஃபைனல் இயர் ப்ராஜெக்ட். ப்ராஜெக்ட் சென்டரில் பணம் கட்டி வாங்கியது, அல்லது நான்கு பேர் குழுவில் ஒருவர் மட்டும் செய்தது. பேனலுக்கு இது தெரியாது என்று நினைக்காதீர்கள். முகம் பார்த்து வருகைப்பதிவு செய்யும் ப்ராஜெக்ட் ஒவ்வொரு பேட்ச்சிலும் வந்துகொண்டே இருக்கிறது. அதைச் சோதிக்கப் பெரிய கேள்வி எதுவும் தேவையில்லை. "கேமரா முன்னால் வராத மாணவனின் போட்டோவைக் காட்டினால் அட்டெண்டன்ஸ் விழுமா?" என்று கேட்டால் போதும். சொந்தமாகச் செய்தவர் சிரித்துவிட்டு "விழும் சார், நாங்களும் பார்த்தோம்" என்பார். வாங்கியவர் "துல்லியம் 98 சதவீதம்" என்று அறிக்கையில் இருப்பதைச் சொல்வார்.

அடுத்த கேள்வி இன்னும் எளிது: "ஹார் கேஸ்கேட் என்ன செய்கிறது?" அது படத்தில் முகம் எங்கே இருக்கிறது என்று மட்டும்தான் கண்டுபிடிக்கும், அது யாருடைய முகம் என்று சொல்லாது. 2001இல் வயோலா, ஜோன்ஸ் இருவரும் வெளியிட்ட முறை அது. யாருடைய முகம் என்று சொல்ல எல்பிபிஎச் மாதிரி இன்னொன்று வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் கோடைத் திறந்தே பார்க்கவில்லை என்பது தெரிந்துவிடும்.

ப்ராஜெக்டை வாங்கியாயிற்று, இப்போது என்ன செய்வது? கோடு கையில் இருக்கிறதல்லவா. உங்கள் கணினியில் ஓட்டுங்கள்; இதிலேயே ஒரு நாள் போய்விடும், ஏனென்றால் பழைய லைப்ரரி எதுவும் அப்படியே ஓடாது. உங்கள் முகத்தையும் தம்பி முகத்தையும் சேர்த்துப் பாருங்கள். விளக்கை அணைத்து, கண்ணாடி போட்டு, போட்டோ காட்டி, எங்கெல்லாம் தோற்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள், ஒருவருக்கு ஒரு நாளில் இரண்டு முறை பதிவாகாமல் தடுப்பது போல. ஒரு வாரத்தில் முடிகிற வேலை. அதன் பிறகு "அடிப்படைக் கோடு வெளியிலிருந்து எடுத்தது, நான் இந்தப் பகுதியை மாற்றினேன், இந்த இடங்களில் தோற்கிறது" என்று நேராகச் சொல்லலாம். முழுவதும் நானே செய்தேன் என்று சொல்லி மாட்டுபவரைவிட இவரைத்தான் எடுக்கத் தோன்றும். வேலையிலும் நாள் முழுக்க நடப்பது இதுதானே, யாரோ எழுதிய கோடைத் திறந்து, புரிந்துகொண்டு, ஒரு இடத்தில் மாற்றுவது.

சான்றிதழ்களும் இப்படித்தான். நான் முதல்வன் திட்டத்தில் முடித்த படிப்பைப் போடுவது நல்லதே. ஆனால் பெயரை மட்டும் போட்டால், அதில் என்ன செய்தீர்கள் என்ற கேள்வியை நீங்களே கூப்பிடுகிறீர்கள்.

வீடியோ இன்டர்வியூ மட்டும் சொதப்புகிறது

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்று உங்கள் ஏரியாவுக்கு இருக்கிறதா என்று முந்தைய நாளே பாருங்கள். இருந்தால் இடத்தை மாற்றுங்கள், அல்லது எச்.ஆரிடம் சொல்லி நேரத்தை மாற்றுங்கள். முன்கூட்டிச் சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். வைஃபை போனால் போன் ஹாட்ஸ்பாட் உடனே சேரும்படி முன்பே ஒருமுறை இணைத்து வையுங்கள். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கருப்பாகத்தான் தெரியும், திரும்பி உட்காருங்கள். டீம்ஸிலோ ஜூமிலோ உங்கள் பெயர் என்னவென்று வருகிறது என்றும் பாருங்கள். "ரெட்மி நோட்" என்ற பெயரில் வந்தவரையும், அப்பா கணக்கில் நுழைந்தவரையும் பேனலில் பார்த்திருக்கிறோம்.

இன்னொரு திரையைப் பார்த்து, அல்லது ஏ.ஐ. சொல்லச் சொல்ல வாசிப்பவர்களைப் பற்றி: கண் நகர்வதில் தெரிகிறது, கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே ஒவ்வொரு முறையும் ஒரே அளவு இடைவெளி விழுவதில் தெரிகிறது, "ஏன் அப்படி?" என்ற ஒரே துணைக்கேள்வியில் முழுவதும் தெரிந்துவிடுகிறது. 2025இல் கூகுள் தலைவர் சுந்தர் பிச்சையே, குறைந்தது ஒரு ரவுண்டாவது நேரில் வைக்கப் போவதாகச் சொன்னார். இங்கும் கடைசி ரவுண்டுக்கு ஆபீசுக்கே வரச் சொல்வது திரும்பியிருக்கிறது.

நேரில் போகிறவர்கள் சென்னை ஓ.எம்.ஆர். சாலை டிராஃபிக்கை மட்டும் கணக்கில் எடுத்தால் போதாது. சிறுசேரி சிப்காட் போன்ற இடங்களில் கேட்டில் அடையாள அட்டை காட்டி, பெயர் பதிந்து, பாஸ் வாங்கி, உள்ளே நடந்து சேரவே இருபது நிமிடம் போகும். ஆதாரோ டிரைவிங் லைசென்ஸோ அசல் கையில் இருக்கட்டும்.

எச்.ஆர். ரவுண்டில்தான் கழன்றுவிடுகிறது

எச்.ஆர். ரவுண்டு சும்மா சம்பிரதாயம் என்று நினைத்துப் போவதே முதல் காரணம். அவர் பார்ப்பது இரண்டு: இவர் சேருவாரா, சேர்ந்தால் இருப்பாரா. சுற்றி வளைத்து எது கேட்டாலும் இந்த இரண்டில் ஒன்றில் போய் நிற்கும். "பெங்களூர் போவீர்களா, நைட் ஷிப்ட் பார்ப்பீர்களா" என்றால் வீட்டில் பேசிவிட்டே வந்திருக்க வேண்டும். "அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன் மேடம்" என்பது அன்பான பதில்தான், ஆனால் அவர் குறிப்பில் "சேருவது சந்தேகம்" என்று விழும்.

படிப்பில் இடைவெளி, அரியர் பற்றிக் கேட்டால் இரண்டு வாக்கியத்தில் முடியுங்கள். "மூன்றாவது செமஸ்டரில் இரண்டு அரியர் இருந்தது, அடுத்த வருடமே முடித்துவிட்டேன்" என்று நிறுத்திவிடலாம். பேராசிரியர் சரியில்லை, பல்கலைக்கழகம் திருத்தியது சரியில்லை என்று நீட்டினால்தான் அது பெரிதாகும்.

பழைய வேலையை மறைப்பதும் இல்லாத அனுபவத்தைக் காட்டுவதும் இங்கேதான் வெடிக்கும். பி.எஃப். பிடித்த ஒவ்வொரு வேலையும் உங்கள் யு.ஏ.என். எண்ணில் (எல்லா பி.எஃப். கணக்குகளையும் சேர்க்கும் ஒரே எண்) சேர்ந்த தேதி, விலகிய தேதியோடு இருக்கிறது. மூன்று மாதம் பார்த்துவிட்டு விலகிய வேலையை மறைத்தாலும் பின்னணிச் சரிபார்ப்பில் வெளியே வரும். "இரண்டு வருடம் எக்ஸ்பீரியன்ஸ் போட்டுத் தருகிறோம்" என்று பணம் கேட்கும் கன்சல்டன்சிகள் சென்னையிலும் பெங்களூரிலும் இன்னும் இருக்கின்றன. அதை நம்பிச் சேர்ந்தவர்கள் சில மாதம் கழித்து ஒரே நாளில் வெளியே அனுப்பப்பட்ட கதைகளும் கூடவே இருக்கின்றன.

எல்லா ரவுண்டும் நல்லா போச்சு, மெயில் மட்டும் வரவில்லை

"அண்ணா, எல்லாம் கிளியர் பண்ணிட்டேன், அவங்களே கங்கிராட்ஸ் சொன்னாங்க, ஆனா இரண்டு வாரமா ஒண்ணும் இல்ல" என்று ஜூனியர்கள் கேட்பார்கள். உங்கள் பக்கம் தவறே இல்லாமல் இருக்கலாம். ப்ராஜெக்ட் தள்ளிப்போயிருக்கும், பட்ஜெட் நின்றிருக்கும், உள்ளேயே சும்மா இருந்த ஒருவரை அந்த இடத்துக்கு மாற்றியிருப்பார்கள். இதையெல்லாம் எச்.ஆர். வெளியே சொல்ல மாட்டார்.

ஐந்தாறு வேலை நாள் கழித்து ஒரு மெயில் போடுங்கள்: எந்தத் தேதியில், எந்த வேலைக்கு, எந்த ரவுண்டு முடித்தேன், அடுத்த கட்டம் எப்போது தெரியும். நான்கு வரிக்கு மேல் வேண்டாம். இன்னொரு வாரம் பார்த்து ஒரு போன். அதோடு விட்டுவிட்டு அடுத்த இடத்தைப் பாருங்கள். நிராகரித்தால் காரணம் கேட்கலாம். எச்.ஆர். சொல்லாவிட்டாலும் பேனலில் இருந்தவர் லிங்க்ட்இனில் ஒரு வரி சொல்லக்கூடும்.

ஆஃபர் லெட்டர் கையில் வந்தாலும், சேரும் தேதி வரும்வரை தேடுவதை நிறுத்தாதீர்கள். 2022 பேட்ச்சில் பெரிய கம்பெனிகளில் ஆஃபர் வாங்கிய பலர் ஒரு வருடத்துக்கு மேல் சேரும் தேதிக்காகக் காத்திருந்தார்கள்.

ஆஃபரில் ஒரு தொகை, கையில் வருவது வேறு தொகை

வருடத்துக்கு 3.6 லட்சம் என்றால் மாதம் 30,000 கைக்கு வரும் என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள். அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி உங்கள் பெயரில் கட்டும் 12 சதவீத பி.எஃப். 1,800 ரூபாயும் அந்த 30,000க்குள்ளேயே இருக்கலாம். கிராஜுவிட்டி (பணிக்கொடை) என்று அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம், சுமார் 720 ரூபாய். நிரந்தர வேலையில் ஐந்து வருடம் முடித்தால்தான் கைக்கு வரும். வேலையின் பலனைப் பார்த்துக் கொடுக்கும் வேரியபிள் பே 10 சதவீதம் என்றால் 3,000, அது மாதாமாதம் வராது. காப்பீட்டுக்கு ஒரு 500. இதற்கு மேல் உங்கள் பங்கு பி.எஃப். இன்னொரு 1,800. தமிழ்நாட்டில் தொழில் வரியை அரையாண்டுக்கு ஒருமுறை பிடிப்பார்கள், வருடத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போகாது. எல்லாம் போகக் கையில் நிற்பது சுமார் 22,000. கம்பெனிக்குக் கம்பெனி இது மாறும் என்பதால், கையெழுத்துப் போடும் முன் "மாதம் கையில் எவ்வளவு வரும்?" என்று நேராகக் கேளுங்கள். அதில் எந்தக் கூச்சமும் வேண்டாம், அவர்கள் காதில் தினமும் விழும் கேள்வி அது.

பாண்ட் (இத்தனை காலம் விலக மாட்டேன், விலகினால் பணம் கட்டுவேன் என்ற ஒப்பந்தம்) கேட்டால் மாதமும் தொகையும் பாருங்கள். "பாண்டெல்லாம் கோர்ட்டில் நிற்காது" என்று நண்பர்கள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது பொதுத்துறை வங்கி, தேர்வு நடத்தி ஆள் எடுக்கும் செலவையும் கோர்ட் கணக்கில் எடுத்தது. எல்லா பாண்டும் அப்படியே செல்லும் என்றும் அர்த்தமில்லை. அசல் சான்றிதழ்களைக் கேட்டால் மட்டும் கொடுக்காதீர்கள். சரிபார்க்கக் காட்டுங்கள், நகல் கொடுங்கள், அசலோடு வீட்டுக்குத் திரும்புங்கள்.

இன்டர்வியூவே இல்லாமல் வேலை கிடைத்துவிட்டது

இந்த அறிகுறிக்கு மட்டும் எதையும் சரிசெய்ய வேண்டாம், விலகிவிடுங்கள். பத்து நிமிட வாட்ஸ்அப் பேச்சு, ஜிமெயில் முகவரியிலிருந்து பெரிய கம்பெனி லோகோவோடு ஆஃபர், பிறகு லேப்டாப்புக்கோ பயிற்சிக்கோ "திருப்பித் தரப்படும் டெபாசிட்". முறையான கம்பெனி வேலை கொடுக்கப் பணம் கேட்காது. வெளிநாட்டு டேட்டா என்ட்ரி வேலை, டூரிஸ்ட் விசாவில் போய்ச் சேரலாம் என்றால் இன்னும் எச்சரிக்கை. 2022 முதல் தமிழ்நாட்டு இளைஞர்கள் பலர் தாய்லாந்து வேலை என்று நம்பிப் போய், மியான்மரிலும் கம்போடியாவிலும் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கி மீட்கப்பட்டிருக்கிறார்கள். பணம் அனுப்பிவிட்டீர்கள் என்றால் யோசித்துக்கொண்டிருக்காமல் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்தத் தொகையை வங்கியில் முடக்கி வைக்க அவ்வளவு வாய்ப்பு. பேசிய எண், பணம் போன கணக்கு, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்திருங்கள். புகார் எழுதும்போது அவற்றைத்தான் முதலில் கேட்பார்கள்.